விமானத்தை நிறுத்தினால் நஷ்டம் யாருக்கு?

சித்திரை, வைகாசி மாதங்களில் மணமேல்குடிப் பக்கம் போயிருக்கிறீர்களா? கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். சில படகுகள் கரைக்கே ஏறி நிற்கும். எங்கு பார்த்தாலும் சுத்தியல் சத்தம். காற்றில் மீன் வாசனைக்குப் பதிலாகப் பெயின்ட் வாசனை வரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கிழக்குக் கடற்கரை முழுவதற்கும் இதுதான் உத்தரவு. மீன்கள் இனம் பெருக வேண்டும் என்பதற்காகப் போட்ட தடை இது. ஆனால் படகுகளுக்கும் இது மராமத்துக் காலமாக அமைந்துவிட்டது. பலகை மாற்றுவது, எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவது, வர்ணம் பூசுவது எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான். மீன்வளத் துறை உத்தியோகஸ்தர்களும் வந்து ஒவ்வொரு படகாகப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அப்படி ஒரு நாளில், கரையேறி நின்ற படகின் அடியில் ஒரு முதிய ஓடாவி உட்கார்ந்திருந்தார். ஓடாவி என்றால் படகு கட்டும் தச்சர். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். சிறிய சுத்தியலால் பலகையைத் தட்டிக்கொண்டே போனார்.

"எதற்கு ஐயா தட்டுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"சத்தம் சொல்லும் தம்பி. நல்ல பலகை கணீர்னு பேசும். உளுத்த பலகை பொத்துனு பேசும்."

"படகு முதலாளி, 'வர்ணம் மட்டும் அடித்தால் போதும், பலகையை மாற்ற வேண்டாம்' என்று சொன்னால்?"

பெரியவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "படகு முதலாளியோடது. ஆனா அதுல போற பிள்ளைங்க நம்ம ஊருப் பிள்ளைங்கல்ல? வேற ஆளை வச்சு அடிச்சுக்குங்கன்னு எந்திரிச்சு வந்துருவேன்" என்றார்.

பிறகு அவர் என்னை ஒரு கேள்வி கேட்டார். "நீங்க பேப்பர்க்காரர். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். படகு கடலுக்குப் போகணும்னா மீன்வளத் துறை டோக்கன் குடுக்கணும். புயல் எச்சரிக்கைன்னா டோக்கன் கிடையாது. ஆகாயத்துல பறக்குதே கப்பல், அதுக்கு யாரு டோக்கன் குடுக்கிறா?"

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவருடைய பேரன் சார்ஜாவில் வேலை பார்க்கிறான்.

ஆயுத பூஜை மாலை

2024 அக்டோபர் 11-ந் தேதி வெள்ளிக்கிழமை. அன்று ஆயுத பூஜை. யந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து ஓய்வு கொடுக்கும் நாள். அன்று மாலை திருச்சியிலிருந்து சார்ஜாவுக்கு ஒரு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கிளம்பியது. உள்ளே 140 பேருக்கு மேல் இருந்தார்கள்.

கிளம்பிய சிறிது நேரத்தில் ஹைட்ராலிக் யந்திர அமைப்பில் கோளாறு தெரிந்தது. உடனே இறங்க முடியாது. வயிறு நிறைய எரிபொருளுடன் இறங்கினால் ஆபத்து. ஆகவே திருச்சி, புதுக்கோட்டை வானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமிட்டு எரிபொருளைக் குறைத்தார்கள். கீழே ஆம்புலன்சுகளும் தீயணைப்பு வண்டிகளும் காத்து நின்றன. தமிழ்நாடே டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரவு 8 மணிக்குப் பிறகு விமானம் பத்திரமாக இறங்கியது. விமானிகளை எல்லோரும் வாழ்த்தினார்கள்.

அன்றைய பழுது எதனால் வந்தது என்று விசாரிப்பது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. பெரியவரின் பேரனும் அந்த விமானத்தில் இல்லை. ஆனால் அவன் போகிற பாதை அதுதான். மணமேல்குடியிலிருந்து அறந்தாங்கி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி விமான நிலையத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள். இந்தக் கடற்கரையில் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை நம்பி அடுப்பெரிகிற வீடுகள் எத்தனையோ! ஆகவே "யார் டோக்கன் கொடுக்கிறார்?" என்பது வெறும் வேடிக்கைக் கேள்வி அல்ல.

டோக்கன் கொடுப்பவர்

டில்லியில் சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகம் இருக்கிறது. விமானக் கம்பெனி நடத்த அனுமதி கொடுப்பது இவர்கள்தான். விமானிக்கு லைசென்சு கொடுப்பதும் இவர்கள்தான். "இந்த விமானம் பறக்கத் தகுதியானது" என்று சான்று கொடுப்பதும் இவர்கள்தான். கொடுத்ததைப் பறிக்கும் அதிகாரமும் இவர்களுக்கு உண்டு. 1934-ல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த விமானச் சட்டம் போய், 2024-ல் இயற்றிய புதுச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் அமுலுக்கு வந்திருக்கிறது. சட்டம் மாறினாலும் இந்த அதிகாரம் மாறவில்லை.

தினசரி வேலை கம்பெனியின் எஞ்சினீயர் கையில் இருக்கிறது. மராமத்து முடிந்ததும் லைசென்சு பெற்ற எஞ்சினீயர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் நகரக் கூடாது. நம்முடைய ஓடாவியின் சுத்தியலும் அந்த எஞ்சினீயரின் பேனாவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. விமானத்தில் எல்லாக் கருவிகளும் எல்லா நேரமும் வேலை செய்தாக வேண்டும் என்பது இல்லை. சில கருவிகள் கெட்டிருந்தாலும் பறக்கலாம். எந்தக் கருவி கெட்டிருந்தால் எத்தனை நாள் பறக்கலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். சிலவற்றுக்கு 3 நாள் தவணை. சிலவற்றுக்கு 10 நாள். இன்னும் சிலவற்றுக்கு 120 நாள். அதற்குள் சரி செய்துவிட வேண்டும்.

இது நியாயமான ஏற்பாடுதான். ஒரு சின்ன விளக்கு எரியவில்லை என்பதற்காக இருநூறு பேரை நடு வழியில் இறக்கிவிட முடியுமா? ஆனால் மாற்றுச் சாமான் வாங்கப் பணம் இல்லாத கம்பெனி என்ன செய்யும்? இந்தத் தவணையையே நம்பி வண்டியை ஓட்டும். அங்கேதான் வினை ஆரம்பமாகிறது.

பதினெட்டு நாளில் எட்டு

2022-ம் ஆண்டு ஸ்பைஸ்ஜெட் கம்பெனியின் கதையைப் பார்ப்போம்.

மே மாதம் சென்னையிலிருந்து துர்காப்பூர் கிளம்பிய அதன் விமானம் ஒன்று, எஞ்சின் கோளாறினால் சென்னைக்கே திரும்பியது. ஜூன் 19-ந் தேதி பாட்னாவில் கிளம்பிய விமானத்தில் பறவை மோதி எஞ்சினில் தீ தெரிந்தது. திரும்பி வந்து இறங்கினார்கள். ஜூலை 2-ந் தேதி டில்லியிலிருந்து ஜபல்பூர் போன விமானத்துக்குள் புகை சூழ்ந்தது. அதுவும் திரும்பியது. ஜூலை 5-ந் தேதி டில்லியிலிருந்து துபாய் போன விமானத்தில் எரிபொருள் காட்டும் கருவி தகராறு செய்தது. பாகிஸ்தானிலுள்ள கராச்சியில் இறக்கினார்கள். பிரயாணிகளை அழைத்துப் போக வேறு விமானம் அனுப்ப வேண்டியதாயிற்று. அதே நாளில் மும்பை போன இன்னொரு விமானத்தின் முன் கண்ணாடியின் வெளிப்புறம் வெடித்தது.

பதினெட்டு நாட்களில் இப்படி எட்டுச் சம்பவங்கள்! அந்த எட்டிலும் உயிர்ச் சேதம் இல்லை.

டைரக்டர் ஜெனரல் அலுவலகம் கம்பெனிக்கு நோட்டீசு அனுப்பியது. உள் கண்காணிப்பு சரியில்லை, மராமத்து போதவில்லை என்று அதில் குற்றம் சாட்டியது. ஜூலை 27-ந் தேதி உத்தரவு வந்தது. அனுமதித்த பிரயாணங்களில் பாதிக்கு மேல் எட்டு வாரங்களுக்கு நடத்தக் கூடாது! செப்டம்பரில் அந்த உத்தரவை அக்டோபர் 29 வரை நீட்டினார்கள்.

கம்பெனியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜூலை 9 முதல் 13 வரை அதிகாரிகள் அதன் 48 விமானங்களில் 53 திடீர்ச் சோதனைகள் நடத்தினார்கள். பெரிய பாதுகாப்பு மீறல் எதுவும் அகப்படவில்லை என்று மந்திரியே பாராளுமன்றத்தில் சொன்னார். ஆனால் 10 விமானங்களைக் குறைகளைச் சரி செய்த பிறகே பறக்க விட வேண்டும் என்றும் அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். கொரோனாக் காலத்தில் எல்லா விமானக் கம்பெனிகளுமே அடிபட்டிருந்தன என்பதும் உண்மை.

ஓட்டை எங்கே?

இவை எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த நோட்டீசில் இருந்த வேறு ஒரு விஷயம்.

2021 செப்டம்பரிலேயே அந்தக் கம்பெனியின் பண நிலையை அதிகாரிகள் பார்த்திருக்கிறார்கள். சாமான் கொடுப்பவர்களுக்குப் பணம் ஒழுங்காகப் போகவில்லை. "ரொக்கம் கொடுத்தால் சாமான்" என்ற நிலைமை. அதனால் உதிரிச் சாமான்களுக்குப் பஞ்சம். அதனால் நான் மேலே சொன்ன தவணைப் பட்டியலை அடிக்கடி கையில் எடுக்கிறார்கள். இவ்வளவும் நோட்டீசிலேயே இருக்கிறது.

2021 செப்டம்பரில் தெரிந்த விஷயம். 2022 ஜூலையில் நோட்டீசு! நடுவில் பத்து மாதம்!

விமானத்தின் ஓட்டை முதலில் இறக்கையில் விழுவதில்லை. கணக்குப் புத்தகத்தில்தான் விழுகிறது. கடைக்காரன் கடன் கொடுக்க மறுத்த அன்றே ஆபத்து ஆரம்பமாகிவிட்டது. அன்றே, "உன்னிடம் உள்ள சாமானுக்குத் தக்கபடி விமானத்தை ஓட்டு. கையில் உள்ள பணம் இருபது விமானத்துக்குத்தான் போதும் என்றால் இருபதை மட்டும் ஓட்டு" என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லியிருந்தால் கராச்சியில் போய் இறங்கும் அவஸ்தையும் இருந்திருக்காது. மூன்று மாதம் பாதித் தொழிலை முடக்கும் உத்தரவும் தேவைப்பட்டிருக்காது.

நிறுத்தியது தவறு என்று நான் சொல்லவில்லை. தாமதமாக நிறுத்தினார்கள் என்றுதான் சொல்கிறேன்.

சிகாகோவும் மியாமியும்

இதில் நம் நாட்டை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

1979 மே 25-ந் தேதி சிகாகோவில் டி.சி.10 ரக விமானம் ஒன்று கிளம்பும்போதே இடது எஞ்சின் கழன்று விழுந்தது. அரை நிமிஷத்தில் விமானமும் விழுந்தது. 273 பேர் மாண்டார்கள். காரணம் என்ன? எஞ்சினை முதலில் இறக்கிவிட்டு, அதைத் தாங்கும் தூணைப் பிறகு கழற்ற வேண்டும் என்பது விமானம் செய்தவர்கள் வகுத்த முறை. கம்பெனியோ இரண்டையும் சேர்த்தே சுமை தூக்கும் வண்டியால் இறக்கி ஏற்றியது. அதனால் ஒரு விமானத்துக்குச் சுமார் 200 மணி நேரக் கூலி மிச்சம்! அந்த மிச்சம் பிடிக்கும் வேலையில்தான் தூணில் விரிசல் கண்டது. ஜூன் 6-ந் தேதி அமெரிக்காவிலுள்ள டி.சி.10 விமானங்கள் அத்தனையையும் நிறுத்தினார்கள். மற்ற விமானங்களைச் சோதித்தபோது, வேறு சிலவற்றிலும் அதே மாதிரி விரிசல் இருந்தது!

இன்னொன்று மியாமி. வாலுஜெட் என்பது குறைந்த டிக்கெட்டில் பறந்த ஒரு கம்பெனி. அதன் நிலைமை சரியில்லை, உடனே அதன் தகுதியை மறுபடி பரிசீலிப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்று அமெரிக்க விமான நிர்வாகத்திலேயே ஒரு குறிப்பு எழுதினார்கள். தேதி 1996 பிப்ரவரி 14. குறிப்பு காகிதத்தோடு நின்றது. மே 11-ந் தேதி மியாமியில் கிளம்பிய அதன் விமானத்தின் சரக்கு அறையில் தீப்பிடித்தது. மராமத்துக் காண்டிராக்டர் தவறாகக் கட்டி அனுப்பிய ஆக்சிஜன் கருவிகள்தான் காரணம். 110 பேர் போய்விட்டார்கள். ஜூன் 17-ந் தேதி கம்பெனியை நிறுத்தினார்கள்.

பிப்ரவரியில் நிறுத்தியிருந்தால் நஷ்டம் டாலர் கணக்கில் இருந்திருக்கும். ஜூனில் நிறுத்தியபோது நஷ்டம் உயிர்க் கணக்கில் இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

"நிறுத்தினால் கம்பெனி மூழ்குமே!"

இப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஆன்செட் என்று ஒரு பழைய கம்பெனி இருந்தது. 2001 ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறைக் கூட்ட நேரத்தில், அதன் போயிங் 767 விமானங்கள் பத்தையும் அங்குள்ள அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். செய்ய வேண்டிய சோதனைகளைச் செய்யாமல் விட்டிருந்தது வெளியானது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்தக் கம்பெனி படுத்துவிட்டது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று.

ஆனால் அந்தக் கம்பெனிக்கு அதற்கு முன்பே பண நோய் இருந்தது. வியாதியைக் கண்டுபிடித்துச் சொன்ன வைத்தியரைக் குறை சொல்லலாமா? மூழ்கப் போகிற கம்பெனியைக் காப்பாற்ற வழி உண்டா என்று அரசாங்கம் யோசிக்கட்டும். கடன் கொடுக்கட்டும், வரியைத் தள்ளட்டும். அதற்காக உளுத்த பலகையோடு படகைக் கடலுக்கு அனுப்பக் கூடாது.

டிக்கெட் வாங்கியவன் கதி

சரி, அதிகாரி கண்டிப்பாக இருந்து விமானத்தை நிறுத்திவிட்டார். உயிர் பிழைத்தது. ஆனால் டிக்கெட் வாங்கியவன் கதி என்ன?

பெரியவர் தன் பக்கத்து வீட்டுப் பையன் கதையைச் சொன்னார். வளைகுடாவில் வேலை கிடைத்தது. விசாவில் போய்ச் சேர வேண்டிய கடைசித் தேதி குறித்திருந்தது. வட்டிக்கு வாங்கித்தான் டிக்கெட் எடுத்தார்கள். சொந்தபந்தம் எல்லாம் வேன் வைத்து வழியனுப்பப் போனார்கள். விமான நிலையத்தில் "இன்று விமானம் இல்லை, பழுது" என்று சொல்லிவிட்டார்கள். மறு நாளும் இல்லை. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். பையன் இன்னொரு கம்பெனியில் இரட்டை விலை கொடுத்து டிக்கெட் வாங்கினான். அதற்கும் கடன்தான். அம்மா காதில் இருந்த தோடு போயிற்று.

"பழுதுன்னா நிறுத்தத்தான் வேணும் தம்பி. அதுல தப்பே இல்லே. ஆனா பழுது கம்பெனிக்காரன் வச்சது. தோடு எங்க ஊருக்காரி தோடு" என்றார் பெரியவர்.

இதை விடத் தெளிவாக நான் என்ன சொல்ல முடியும்?

விதி இல்லாமல் இல்லை. விமானம் ரத்தானால், பிரயாண நேரத்துக்குத் தக்கபடி 5,000, 7,500, 10,000 ரூபாய் என்று மூன்று படியாக நஷ்ட ஈடு உண்டு. ஆனால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதற்குக் குறைவாக இருந்தால், அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும். இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் நஷ்ட ஈடு இல்லை. கம்பெனியின் கைக்கு மீறிய காரணம் என்றாலும் இல்லை. கம்பெனியே மூடிவிட்டாலோ கேட்கவே வேண்டாம். 2023 மே மாதம் கோ பர்ஸ்ட் கம்பெனி திவால் மனுப் போட்டுப் பறப்பதை நிறுத்தியபோது, முன்பணம் கட்டிய பிரயாணிகள் பாங்கிக்காரர்களோடும் கடன்காரர்களோடும் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

நம் கடற்கரையைப் பாருங்கள். தடைக் காலத்தில் படகைக் கட்டிப் போடு என்று உத்தரவிடுகிற அரசாங்கம், மீனவர் குடும்பத்துக்கு நிவாரணமும் கொடுக்கிறது. 5,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகையை 8,000 ரூபாயாக உயர்த்த 2023-ல் அறிவிப்பு வந்தது. அது போதுமா, போதாதா என்பது வேறு விஷயம். "நிறுத்து" என்று சொல்கிறவருக்கு, நிறுத்தியதால் பசிக்கிற வயிற்றைப் பற்றியும் கவலை இருக்க வேண்டும் என்ற நியாயத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆகாயத்துக்கு மட்டும் அந்த நியாயம் இல்லையா?

செய்ய வேண்டியது

மூன்று காரியம் செய்தால் போதும்.

முதலாவது, கம்பெனி உதிரிச் சாமான்களுக்குப் பணம் கட்டுகிறதா என்று மாதா மாதம் பார்க்க வேண்டும். கட்டவில்லை என்றால் உடனே விமானங்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பத்து மாதம் காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது, பார்ப்பதற்கு ஆள் வேண்டும். டைரக்டர் ஜெனரல் அலுவலகத்தில் ஏறக்குறைய பாதி இடங்கள் காலி என்று பாராளுமன்றக் குழு ஒன்று 2025-ல் எடுத்துச் சொன்னது. 2025 ஜூன் 12-ந் தேதி ஆமதாபாத்தில் 260 உயிர்களைப் பறிகொடுத்த ஆண்டு அது! சுத்தியல் பிடிக்க ஆள் இல்லாமல் பலகையைத் தட்டுவது யார்?

மூன்றாவது, தன் மராமத்துக் குறையால் நிறுத்தப்பட்ட கம்பெனி, "அரசாங்க உத்தரவு, நான் என்ன செய்யட்டும்?" என்று கையை விரிக்கக் கூடாது. வேறு விமானத்தில் இடம் வாங்கிக் கொடுக்க வேண்டும். பிரயாணம் முடிகிற வரை டிக்கெட் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். கம்பெனி கவிழ்ந்தாலும் அந்தப் பணம் கவிழக் கூடாது.

இதனால் டிக்கெட் விலை கொஞ்சம் ஏறலாம். ஏறட்டும். தோடு விற்பதை விட அது மலிவுதான்.

விடை பெறும்போது பெரியவர் பலகைச் சந்துகளில் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தார். ஜூன் 14 இரவுக்குள் வேலை முடிய வேண்டும் என்றார்.

"முடியாவிட்டால்?" என்றேன்.

"முடியாட்டிப் படகு நிக்கும். பதினஞ்சாந் தேதி போனாத்தானா? பதினெட்டாந் தேதி போனா மீன் வேணாம்னா சொல்லும்?" என்று சிரித்தார்.

டில்லி அதிகாரிகளுக்கும் கம்பெனி முதலாளிகளுக்கும் இந்த ஒரு வார்த்தை போதும்.